கடலடியில் 6 கி.மீ. குழாய்: தண்ணீரோடு கல்லையும் மேலே ஏற்றுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

சமுத்ரயான் என்றதும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போகவிருக்கும் மத்ஸ்யா 6000 வாகனம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால், அதே ஆழ்கடல் திட்டத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் அடியில் 5, 6 கிலோமீட்டர் ஆழத்தில் சிதறிக் கிடக்கும் உலோகக் கற்களைக் கப்பலுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத் தேவை ஒரு குழாய். நீளமான, வளையக்கூடிய, அடைத்துக்கொள்ளாத ஒரு குழாய். ‘ஒரு குழாய் போடுவதில் என்ன பெரிய விஷயம்?’ என்று தோன்றலாம். விஷயம் குழாய்க்கு உள்ளேதான் இருக்கிறது.

நெம்மேலியில் 1 கி.மீ., ஆழ்கடலில் 6 கி.மீ.

முதலில் நமக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிடலாம். இ.சி.ஆரில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில், செங்கல்பட்டு மாவட்டம் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. முதல் ஆலை 2013-லும், நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரக்கூடிய இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியிலும் திறக்கப்பட்டன. சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, வேளச்சேரி பக்கம் குடியிருப்பவர்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் இதன் பங்கும் உண்டு.

இந்த இரண்டாவது ஆலைக்குக் கடல்நீர் எடுத்துவர 2,250 மி.மீ. விட்டத்தில் 1,035 மீட்டர் நீளக் குழாய் கடலுக்குள் போடப்பட்டிருக்கிறது. உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு அகலம். எச்.டி.பி.இ. என்ற கெட்டியான பிளாஸ்டிக் வகை. துருப்பிடிக்காது, உள்பக்கம் வழுவழுப்பாக இருக்கும், ஓரளவு வளைந்தும் கொடுக்கும். இந்த வகைக் குழாய்களைக் கடலில் மிதக்கவிட்டு, இழுத்துச் சென்று, தண்ணீர் நிரப்பி மெதுவாக மூழ்கடித்துவிடலாம்.

குடிநீராக மாறுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கடல்நீர் உள்ளே வர வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டாலும் குழாயில் நீரின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான். நாம் சாதாரணமாக நடப்பதைவிடக் குறைவு. இவ்வளவு அகலமான குழாயில் இவ்வளவு நிதானமாக நீர் வருவது தற்செயல் இல்லை, திட்டமிட்ட வடிவமைப்பு.

முதல் விதி: அகலம்தான் ராஜா

குழாயில் ஓடும் திரவத்துக்கு எதிரி உராய்வு. குழாய்ச் சுவரை ஒட்டி ஓடும் நீர் இழுபடும். அதை மீறித் தள்ள பம்ப்புக்கு மின்சாரம் வேண்டும். நீளம் இரட்டிப்பானால் இழப்பும் இரட்டிப்பு. இது எல்லோருக்கும் புரியும்.

விட்டத்தின் கணக்குதான் ஆச்சரியமானது. அதே அளவு நீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் இழப்பு இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ இல்லை. ஏறத்தாழ 32 மடங்கு. விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்து இழப்பு மாறுகிறது என்பதுதான் காரணம். விட்டத்தை வெறும் 10 சதவிகிதம் கூட்டினாலே இழப்பு கிட்டத்தட்ட 38 சதவிகிதம் குறைந்துவிடும்.

அப்படியென்றால் ஆழ்கடலிலும் பெரிய குழாயாகவே போட்டுவிடலாமே? முடியாது. 6 கி.மீ. நீளத்துக்குக் கப்பலிலிருந்து தொங்கும் குழாய் தன் எடையைத் தானே தாங்க வேண்டும். அகலம் கூடக் கூட எடை கூடும், கடல் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும் விசையும் கூடும். வளையும் குழாயைக் கப்பலில் பெரிய உருளையில் சுற்றி எடுத்துச் செல்ல வேண்டும். அதுவும் சிரமமாகும். அதனால் ஆழ்கடலில் அகலம் என்ற சுலபமான வழி பாதியிலேயே மூடிவிடுகிறது.

இரண்டாவது விதி: சொரசொரப்பு வேண்டாம்

அகலத்துக்கு அடுத்து, குழாயின் உள்பரப்பு. இதற்கான பாடம் மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே, கல்பாக்கத்தில் இருக்கிறது. சென்னை அணுமின் நிலையத்துக்குக் குளிர்விக்கும் நீர் கடலடிச் சுரங்கம் ஒன்றின் வழியாக வருகிறது. நீளம் அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கும் இடம் என்றால் உணவும் ஆக்ஸிஜனும் வந்துகொண்டே இருக்கும் இடம் என்று அர்த்தம். கிரீன் மஸ்ஸல் எனப்படும் பச்சைச் சிப்பிகளும் கொட்டலசுகளும் சுவரில் ஒட்டி வளர ஆரம்பித்தன. சுவர் சொரசொரப்பாகும், பாதை குறுகும், உதிரும் ஓடுகள் உள்ளே போய் அடைக்கும். அதற்காகவே நீரில் குளோரின் கலந்து கட்டுப்படுத்துகிறார்கள். எப்போது, எவ்வளவு குளோரின் என்பதே பல வருட ஆராய்ச்சியாக நடந்திருக்கிறது.

கரையோரக் குழாயில் சொரசொரப்பு பின்னால் வந்து சேர்கிறது. ஆழ்கடல் எண்ணெய்க் குழாயிலோ அது பிறவியிலேயே இருக்கிறது.

வளையும் குழாய்க்குள் என்ன இருக்கிறது?

கடலில் மிதக்கும் கப்பல் அலையோடு ஏறி இறங்கும். கடலடியில் இருக்கும் எண்ணெய்க் கிணறு அசையாது. இரண்டையும் விறைப்பான இரும்புக் குழாயால் இணைத்தால் கொஞ்ச நாளில் உலோகம் களைத்து வெடிப்பு விடும். அதனால்தான் 1970-களின் தொடக்கத்தில் பிரான்ஸின் கோஃப்லெக்சிப் நிறுவனம் வளையும் குழாய்களைக் கடல் எண்ணெய்த் தொழிலுக்குக் கொண்டுவந்தது.

பார்க்க ஒரே குழாய்போல இருந்தாலும் உள்ளே பல அடுக்குகள். உள்ளிருந்து வெளியே இப்படிப் போகும்:

• கார்கஸ்: துருப்பிடிக்காத எஃகுப் பட்டையை ஒன்றோடொன்று கொக்கி போட்டுச் சுருளாகச் சுற்றிய எலும்புக்கூடு. வெளி அழுத்தத்தில் குழாய் நசுங்காமல் பார்த்துக்கொள்வது இதுதான்.
• பிளாஸ்டிக் உறை: திரவம் கசியாமல் தடுக்கும்.
• அழுத்த வளையங்கள்: உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும் எஃகு.
• இழுவிசைக் கம்பிகள்: எதிரெதிர்த் திசையில் சாய்வாகச் சுற்றப்பட்டு, குழாயின் எடையைத் தாங்கும்.
• வெளி உறை: கடல்நீரை வெளியே நிறுத்தும்.

அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கொடுப்பதால்தான் குழாய் வளைகிறது. ஆனால், முதல் அடுக்கை மறுபடி கவனியுங்கள். திரவம் நேரடியாக உரசிக்கொண்டு ஓடுவது அந்தச் சுருள் எலும்புக்கூட்டின் மேல். வழுவழுப்பான சுவர் இல்லை, வரிவரியான பள்ளங்கள். வாஷிங் மெஷினின் கழிவுநீர் ஹோஸை உள்ளே தடவிப் பார்த்தால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படி.

இதற்குத் தொழில்துறையில் ஒரு கைக்கணக்கு உண்டு. கார்கஸ் உள்ள குழாயின் சொரசொரப்பை அதன் உள்விட்டத்தில் 250-ல் ஒரு பங்காக எடுத்துக்கொள்வார்கள். உள்விட்டம் 20 செ.மீ. என்றால் சொரசொரப்பு 0.8 மி.மீ. புதிய இரும்புக் குழாயில் இது 0.05 மி.மீட்டருக்கும் குறைவு.

இதன் விலை என்ன? 20 செ.மீ. உள்விட்டம், 6 கி.மீ. நீளம், விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வெறும் தண்ணீர் என்று வைத்துக் கணக்குப் போடலாம். புதிய இரும்புக் குழாயில் உராய்வு இழப்பு ஏறத்தாழ 200 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். வரிவரியான குழாயில் ஏறத்தாழ 400 மீட்டர். அதாவது, வளைய வேண்டும், நசுங்கக் கூடாது என்பதற்காக உராய்வில் இரண்டு மடங்கு கொடுக்கிறோம்.

பாட்டுப் பாடும் குழாய்

பிரச்சினை அதோடு முடியவில்லை. வரிவரியான பள்ளங்களின் மேல் எரிவாயு வேகமாகப் பாயும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் சின்னச் சின்னச் சுழல்கள் உருவாகும். அவை ஒரே தாளத்தில் சேர்ந்துவிட்டால் குழாய் விசில் அடிக்க ஆரம்பிக்கும். காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் சத்தம் வருமே, அதே தத்துவம்தான். தொழில்துறையில் இதற்குப் பெயரே ‘பாடும் குழாய்’. கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், அந்த அதிர்வு மேடையில் இருக்கும் சிறிய இணைப்புக் குழாய்களை வெடிப்பு விடச் செய்யும் அளவுக்குப் போகும். அதைத் தவிர்க்க எரிவாயு உற்பத்தியையே குறைக்க வேண்டிவரும்.

தீர்வு? சுருளின் இடைவெளிகளை இன்னொரு மெல்லிய பட்டையால் மூடிவிடும் புதிய கார்கஸ் வடிவங்கள் வந்திருக்கின்றன. பள்ளம் மறைந்தால் விசிலும் குறையும், உராய்வும் குறையும். எரிவாயு கலக்காத திரவத்துக்கு கார்கஸே இல்லாத, உள்பக்கம் வெறும் பிளாஸ்டிக் உள்ள குழாயையும் பயன்படுத்தலாம்.

எண்ணெயில் மெழுகு வேறு ஒரு தலைவலி. ஆழ்கடல் குளிர்ச்சியானது. அந்தக் குளிரில் எண்ணெயில் உள்ள மெழுகு உறைந்து சுவரில் படியும். காக்கிநாடாவிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் உள்ள ஓ.என்.ஜி.சி.யின் கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடல் வயலில் இதே பிரச்சினை வந்தது. 2024 ஜனவரியில் அங்கு முதல் எண்ணெய் எடுக்கப்பட்டபோது, குழாய்க்குள் குழாய் வைத்து வெப்பம் வெளியேறாமல் காக்கும் முறையைப் பயன்படுத்தியதாக அந்நிறுவனம் சொன்னது. அந்தத் திட்டத்துக்கான கட்டுமானப் பணிகளில் பெரும்பகுதி நடந்தது சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில்.

கல் ஏறுமா?

இப்போது பள்ளிக்கரணைக்கு வரலாம். 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், அதாவது என்.ஐ.ஓ.டி., அங்கேதான் இயங்குகிறது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் ஆய்வு செய்யும் உரிமையை இந்தியா வைத்திருக்கிறது. அங்கே 38 கோடி டன் உலோக முடிச்சுகள் இருப்பதாக மதிப்பீடு. உருளைக்கிழங்கு சைஸில் இருக்கும் இந்தக் கற்களில் மாங்கனீஸ், நிக்கல், தாமிரம், கோபால்ட் எல்லாம் இருக்கின்றன. பேட்டரிக்கும் மின்வாகனத்துக்கும் தேவையான உலோகங்கள்.

என்.ஐ.ஓ.டி.யின் யோசனை இதுதான்: கடலடியில் சங்கிலிச் சக்கரங்களோடு ஊர்ந்து போகும் ஓர் இயந்திரம் கற்களை அள்ளும், உடைத்துச் சிறிதாக்கும், கடல்நீரோடு குழம்பாகக் கலந்து வளையும் ஹோஸ் வழியாகக் கப்பலுக்குப் பம்ப் செய்யும்.

6 கி.மீ. ஆழத்தில் அழுத்தம், நாம் நிற்கும் இடத்தில் உள்ளதைவிட 600 மடங்கு. அப்படியென்றால் பம்ப் அத்தனை அழுத்தத்தையும் எதிர்த்துத் தள்ள வேண்டுமா? வேண்டாம். இங்கேதான் பலரும் குழம்புவார்கள். ஜூஸ் டம்ளரில் ஸ்ட்ராவை வைத்தால், உறிஞ்சாமலே ஸ்ட்ராவுக்குள் ஜூஸ் வெளியில் உள்ள மட்டத்துக்கு ஏறி நிற்கும். கடலிலும் அப்படித்தான். குழாயைச் சுற்றியுள்ள கடலே உள்ளே இருக்கும் நீரைத் தாங்கிப் பிடிக்கிறது. பம்ப் சமாளிக்க வேண்டியது இரண்டைத்தான்: உராய்வையும், கல்லால் கூடும் எடையையும்.

அந்த எடை எவ்வளவு? முடிச்சுகள் தண்ணீரைவிட ஏறத்தாழ 2 மடங்கு கனம். குழம்பில் 10 சதவிகிதம் கல் என்று வைத்தால், 6 கி.மீ. உயரத்துக்குக் கூடுதல் சுமை ஏறத்தாழ 580 மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம். அதோடு உராய்வும் சேரும். பெரிய சுமைதான், ஆனால் முடியாத காரியம் இல்லை.

நிஜமான சவால் வேகத்தில் இருக்கிறது. 5 செ.மீ. கல்லைத் தண்ணீரில் போட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் கீழே போகும். நீர் அதைவிடக் கணிசமான வேகத்தில் மேலே போனால்தான் கல் ஏறும். வேகம் குறைந்தால் கல் தேங்கும். வேகத்தை அதிகமாக்கினால்? உராய்வு வேகத்தின் இருமடியில் கூடும். கல் உரசுவதால் வரும் தேய்மானம் இன்னும் மோசம். வேகம் இரட்டிப்பானால் தேய்மானம் பொதுவாக 4 முதல் 8 மடங்கு வரை போகும். ரப்பர் உள்சுவர் இந்த அடியை ஓரளவு வாங்கிக்கொள்ளும். தூர்வாரும் கப்பல்களின் ஹோஸ்களில் ரப்பர் இருப்பதும் இதனால்தான். ஆக, மிக மெதுவும் கூடாது, மிக வேகமும் கூடாது. நடுவில் ஒரு குறுகிய எல்லைக்குள் ஓட்ட வேண்டும். கல்லை முதலிலேயே உடைத்துச் சிறிதாக்கினால் அது மெதுவாக மூழ்கும், அந்த எல்லை கொஞ்சம் அகலமாகும்.

அகலமான குழாய் நல்லது என்ற முதல் விதியும் இங்கே தலைகீழாகும். அதே பம்ப்பை வைத்துக்கொண்டு குழாயை மட்டும் அகலமாக்கினால் நீர் மெதுவாகும், கல் கீழே போய்விடும்.

திடீரென்று கரன்ட் போனால்?

பம்ப் நின்றால் தண்ணீர் அப்படியே நிற்கும். கல் நிற்காது. 6 கி.மீ. குழாயில் 10 சதவிகிதம் கல் என்றால், அத்தனையும் கீழே இறங்கிக் குறைந்தது 600 மீட்டர் நீளத்துக்குக் குழாயை அடைத்துவிடும். வளையும் குழாய் நேராகத் தொங்காமல், வழியில் மிதவைகளோடு எஸ் வடிவத்தில் வளைந்திருக்கும். அதன் பள்ளமான இடங்களில் கல் முதலில் சேரும். திரும்ப பம்ப்பைப் போட்டாலும் அந்த அடைப்பு அசைய மறுக்கலாம். அதனால்தான் இப்படிப்பட்ட வடிவமைப்புகளில், பம்ப் நின்றதும் தானாகத் திறந்து கற்களைக் கடலடியிலேயே கொட்டிவிடும் வால்வு பற்றிப் பேசப்படுகிறது.

எண்ணெய்த் தொழிலில் உராய்வைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கொண்ட பாலிமரைச் சிறிதளவு கலப்பார்கள். அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் 1979-லிருந்தே இது பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால், கடல் சுரங்கத்தில் கல்லைப் பிரித்தபின் நீர் மறுபடி கடலுக்கே போக வேண்டும். அதில் ரசாயனம் கலப்பது என்பது கேள்விக்குரிய விஷயம்.

இந்தியா இதுவரை என்ன செய்திருக்கிறது?

ஆழ்கடல் குழாய் எவ்வளவு படுத்தும் என்பதை என்.ஐ.ஓ.டி. பட்டுத் தெரிந்துகொண்டது. 2000-களின் தொடக்கத்தில் தூத்துக்குடி கடலில், கடலின் வெப்ப வேறுபாட்டிலிருந்து 1 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் சாகர் சக்தி திட்டம் முயலப்பட்டது. குளிர்ந்த நீரை எடுக்க ஏறத்தாழ 1 கி.மீ. நீளக் குழாயைக் கடலில் இறக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் திட்டம் தடுக்கி விழுந்தது.

ஆனால், பாடம் வீணாகவில்லை. 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரைக் குழாயில் எடுத்து, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தயாரிக்கும் நிலையம் வந்தது. 2007-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், மிதவைக் கப்பலிலிருந்து நீண்ட குழாயைத் தொங்கவிட்டு, நாளுக்கு 10 லட்சம் லிட்டர் திறனுள்ள ஆலை சோதிக்கப்பட்டது.

கல் எடுக்கும் வேலை தனிப் பாதையில் போனது. 2000-ல் ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 410 மீட்டர் ஆழத்தில் ஊர்தி சோதிக்கப்பட்டது. பிறகு ஏறத்தாழ 500 மீட்டர் ஆழத்தில், செயற்கையாகப் போட்டுவைத்த முடிச்சுகளை அள்ளிப் பார்த்தார்கள். 2021-ல் வராஹா-1 இயந்திரம் 5,270 மீட்டர் ஆழத்தில் ஊர்ந்து காட்டியது. அதே ஆண்டு ஜூனில் 4,077 கோடி ரூபாய் ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2024 அக்டோபரில் அந்தமான் கடலில் 1,173 மீட்டர் ஆழத்திலிருந்து 100 கிலோவுக்கு மேல் முடிச்சுகள் எடுக்கப்பட்டன.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்கலாம். 5 கி.மீ. ஆழத்தில் இயந்திரம் ஊர்வது என்பது ஒரு சாதனை. அங்கிருந்து டன் கணக்கில், நிற்காமல், குழாய் வழியாகக் கற்களை மேலே அனுப்புவது வேறு சாதனை. இரண்டாவதுதான் மிச்சம் இருக்கிறது.

உலக அளவிலும் இதைச் செய்து காட்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. 1978-ல் ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு பசிபிக் பெருங்கடலில் ஏறத்தாழ 800 டன் எடுத்தது. 2022-ல் ‘ஹிட்டன் ஜெம்’ கப்பல் 4.3 கி.மீ. குழாய் வழியாக 3,000 டன்னுக்கு மேல் ஏற்றியது. அது பெரும்பாலும் இரும்புக் குழாய். கற்களை ஏற்ற, குழாய்க்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தினார்கள். காற்றுக் குமிழிகள் சேர்ந்தால் குழம்பு இலேசாகும், வெளியில் உள்ள கனமான கடல்நீர் அதை மேலே தள்ளும். ஆனால் மேலே வர வர அழுத்தம் குறைந்து குமிழிகள் ஊதிப் பெருக்கும், கடைசிக் கட்டத்தில் வேகம் தாறுமாறாகும்.

இதில் நமக்கு என்ன?

உலோகம் கிடைக்கிறது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், குழாய் வழியாக மேலே வருவது கல் மட்டும் இல்லை. கடலடிச் சேறும் சேர்ந்து வரும். கல்லைப் பிரித்தபின் அந்தக் கலங்கல் நீரை எந்த ஆழத்தில் திருப்பி விடுவது, அது மீன்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் என்ன செய்யும் என்பது உலகம் முழுக்க விவாதத்தில் இருக்கிறது. சர்வதேச கடலடி ஆணையத்தின் 2025 ஜூலை கூட்டம்கூடச் சுரங்க விதிமுறைகளை இறுதி செய்யாமலேயே முடிந்தது.

குழாய்க்குள் ஓட்டம் எவ்வளவு சீராக இருக்கிறதோ, அந்த அளவுக்கு இந்தக் கேள்வியின் பதிலும் மாறும். ஒரு டன் கல்லுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்பதை ஓட்டம்தான் முடிவு செய்கிறது. தண்ணீர் குறைந்தால் திரும்ப விடும் கலங்கலும் குறையும், மின்சாரச் செலவும் குறையும். அடைப்பு வந்தால் கடலடியில் கொட்ட வேண்டியதும் கூடும். ஆக, உள்சுவரின் ஒரு மில்லிமீட்டர் சொரசொரப்பு என்பது இன்ஜினீயர்களின் கவலை மட்டும் இல்லை.

அடுத்த முறை ‘ஆழ்கடலில் இந்தியா சாதனை’ என்று செய்தி வந்தால், எத்தனை மீட்டர் ஆழம் என்பதோடு இன்னும் மூன்றைப் பாருங்கள். எத்தனை டன் மேலே வந்தது? எத்தனை மணி நேரம் நிற்காமல் வந்தது? கூட வந்த தண்ணீர் எங்கே போனது?